பட்டனுக்குள்ள எழுதுனது

இனி ஒரு மணி நேரத்துக்கு நகராதுங்க தம்பி. தொப்பூர் கணவாயில லாரி சாஞ்சுதுன்னா அப்படித்தான். அங்க பாருங்க, நம்ம டிரைவரே எறங்கிப் போயி நெழல்ல நின்னுட்டாரு. நீங்க சும்மா எந்திரிச்சு எந்திரிச்சுப் பாக்காதீங்க, உக்காருங்க. தண்ணி வேணுங்களா? போசியில தயிர்சோறு இருக்குது. நானே பெசஞ்சது. உப்பு கொஞ்சம் தூக்கலா இருக்கும், இன்னும் கை பழகலைங்க.

நீங்க எதுவரைக்குங்க? ஓசூருங்களா. நானும் ஓசூர்தான். கல்யாணம் ஆயிருச்சுங்களா? தப்பா நெனைக்காதீங்க, அது தொழில் புத்தி. ஈரோட்டுல ஒரு கல்யாணத் தகவல் மையத்துல இருபத்திரெண்டு வருசமா இருக்கறேன். பேரு குழந்தைவேலு. அம்பத்தாறு வயசாச்சு, இன்னும் குழந்தைதான்னு எங்க மொதலாளி சென்னியப்பன் கேலி பண்ணுவாரு. பஸ்ஸுல பக்கத்துல உக்காந்தவரப் பாத்தாக்கூட நச்சத்திரம் கேக்கோணும்னு நாக்கு பரபரக்கும்.

ஒரு நிமிசம் இருங்க, புள்ளைக்கு ஒரு போனப் போட்டுப் பாத்தர்றேன். என்ற மக சுகந்தி, ஓசூர்ல ஒரு லேப்ல ரத்தம் டெஸ்ட் பண்ற வேலையில இருக்குது. ...ம்ஹும். ஒரு ரிங்கு போகுது, கட்டாகுது. மலைக்குள்ள டவரு சரியில்லீங்க. ஈரோட்டுலயும் இப்படித்தான் இருந்துச்சு. இப்பெல்லாம் எந்தக் கம்பெனி சிம்மும் உருப்படி இல்லீங்க.

நான் ஏன் பஸ்ஸு ஏறுனேன்னா, ஒரு பொம்பளையாலதான். அட, நீங்க நெனைக்கற மாதிரி இல்லீங்க. எங்க ஆபீசுக்கு இந்த மாசியில வந்து சேந்தாங்க, ஜெசிந்தான்னு பேரு. திண்டுக்கல் பக்கம். முப்பத்தஞ்சு வயசிருக்கும். நல்ல மாதிரிதான், கொறை சொல்லக் கூடாது. ஆனா என்ற பக்கத்துல இருந்த பட்டனையெல்லாம் உருவி எடுத்துப்போட்டுட்டாங்க. அதுல இருந்து எல்லாமே கோளாறு.

உங்குளுக்குக் கம்ப்யூட்டர் தெரியுங்களா? போன்ல பாக்கறதோட சரிங்களா. போதும், புரிஞ்சுரும். எங்க வெப்சைட்டுல ஒரு பொண்ணுக்கோ பையனுக்கோ ஒரு பக்கம். பேரு, நச்சத்திரம், குலம், படிப்பு, ஒசரம், ஒரு போட்டோ. அடியில 'விருப்பம்'னு ஒரு பட்டன். அதை அமுக்குனா அந்த வீட்டுக்கு மெசேஜ் போகோணும், இன்னார் விருப்பம் தெரிவிச்சிருக்காங்கன்னு. அவ்வளவுதான். மூவாயிரத்துச் சொச்சம் பக்கம், எல்லாம் நான் ஒவ்வொண்ணாக் கையால எழுதுனது. டி.டி.பி. சென்டர்ல கல்யாணப் பத்திரிகை அடிச்சிட்டிருந்தவன், புஸ்தகம் பாத்து நானாக் கத்துக்கிட்டேன். ஒருத்தரும் சொல்லிக்குடுக்கல.

இப்ப அந்தப் பட்டனை அமுக்குனா என்ன நடக்கோணும்ங்கிறதையும் எழுதோணும் பாருங்க, அதை நான் எங்க எழுதுனேன்னா, அந்தப் பட்டனுக்குள்ளயே எழுதீருவேன். அந்தப் பக்கத்துலயே, அந்த வரியிலயே. ஏன்னா நம்மூர்ல ஒரு வீடு மாதிரி இன்னொரு வீடு இருக்குதுங்களா? பதிவு பண்ண வர்றவிங்க ஜாதகத்தோட வருவாங்க, கூடவே ஒரு நிபந்தனையோட வருவாங்க. நான் காப்பி வாங்கிக் குடுத்து உக்கார வெச்சு, சொல்லுங்கன்னு கேப்பேன்.

அந்தியூர்க்காரர் ஒருத்தர், விருப்பம் வந்தா மொதல்ல பெரியப்பாவுக்குத்தான் தெரியோணும், அவரு சரின்னு சொல்லித்தான் அப்பாவுக்கே வரோணும்னாரு. அதையும் எழுதுனேன். காங்கயத்துல ஒரு வீட்டுல ஆடி மாசம் ஒரு பேச்சும் காதுல விழக் கூடாதுன்னாங்க. ஆடியில அமுக்குனதெல்லாம் புடிச்சு வெச்சு ஆவணி ஒண்ணாந்தேதி காலையில தாட்டிவிடற மாதிரி எழுதுனேன். ஒரே குலத்துப் பங்காளிங்க வந்தா பட்டனே கண்ணுக்குத் தெரியாது. ஒவ்வொரு வீட்டு மனக்கொறையும் அந்தந்தப் பட்டனுக்குள்ள இருந்துச்சு. ஒண்ணு இன்னொண்ணு மாதிரி இருக்காது. எந்தப் பக்கத்துல என்ன இருக்குதுன்னு என்ற மண்டையில மட்டும்தான் இருந்துச்சு.

அதுல எனக்கு ஒரு பெருமைங்க. மறைக்கறதுக்கு என்ன இருக்குது. என்னையத் தவிர ஒருத்தராலயும் அதுல கை வெக்க முடியாது. ஆனா பெருமைக்கு மேல கஷ்டம். ஒரு பட்டன் வேலை செய்யலைன்னாலும் நான்தான் ஓடோணும். இருபத்திரெண்டு வருசத்துல ரெண்டு நாளு சேந்தாப்பல வெளியூர் தங்குனதில்ல. என்ற சம்சாரம் தவறி ஆறு வருசமாச்சுங்க. காரியம் பண்ணிட்டு ஈரத்துணியோட நிக்கறேன், மொதலாளி போன் பண்றாரு, சிவகிரி பொண்ணுக்கு அமுக்குனா ஒண்ணும் ஆகலையாமேன்னு. அங்கயே உக்காந்து சரிபண்ணிக் குடுத்தேன். அப்படிக் கட்டிப்போட்ட பொழப்பு. எல்லாரும் என்னைய விடமாட்டேன்னாங்க தம்பி, அதான் உண்மை.

அப்பறம் கோபிக்காரர் வெசயம் வந்துச்சு. கவுந்தப்பாடியில ஒரு வீடு, கோபியில ஒரு வீடு. பதினஞ்சு வருசத்துக்கு முந்தி நிச்சயம் பண்ணி நின்னுபோச்சு. கவுந்தப்பாடிக்காரர் எங்கிட்ட வந்து, கோபி பழனியப்பன் வீட்டுல இருந்து யாரு அமுக்குனாலும் 'வரன் முடிந்தது'ன்னு காட்டீருங்க, நேரா வேண்டாம்னு சொன்னா மொகத்துல அடிச்ச மாதிரி இருக்கும்னாரு. நியாயந்தானுங்களே. எழுதுனேன். பேரு ஊரு எல்லாம் போட்டு எழுதுனேன்.

இந்தத் தை மாசம் அந்தக் கோபி வீட்டுப் பையன், சாப்ட்வேர் கம்பெனிக்காரன், அமுக்கியிருக்கறான். முடிஞ்சதுன்னு வந்துச்சு. சிநேகிதன் அமுக்குனா நன்றி, தெரிவிச்சாச்சுன்னு வந்துச்சு. இவனுக்குச் சந்தேகம். அந்தப் பக்கத்துல கம்ப்யூட்டர் எலியோட வலது பட்டனைத் தட்டி உள்ளுக்குள்ள இருக்கற எழுத்தையெல்லாம் தொறந்து பாத்துட்டான். அங்க அவங்கப்பன் பேரு இருக்குது. 'கோபி பழனியப்பன் குடும்பம் என்றால்'னு. நாலு காரு வந்து நின்னுதுங்க ஆபீஸ் வாசல்ல. அந்தப் பக்கத்தைப் பெருசாப் பிரிண்டு போட்டு மொதலாளி மேசை மேல வெச்சாங்க. ஊருக்கே தெரியற எடத்துல எங்க குடும்பத்து மானத்தை எழுதி வெச்சிருக்கறீங்களேன்னு கேட்டாங்க.

மொதலாளி என்னையப் பாத்தாரு. இருபத்திரெண்டு வருசமா ஒருத்தரும் தொறந்து பாக்கலைங்கன்னேன். அடுத்த மாசம் ஜெசிந்தா வந்துட்டாங்க.

அவங்க வந்து ரெண்டு நாளு பக்கத்தையெல்லாம் பாத்தாங்க. அப்பறம் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கிட்டு எங்கிட்டச் சொன்னாங்க. "அண்ணா, பக்கத்துல ஆளு யாருங்கிறது மட்டும் இருக்கட்டும். பட்டனுக்கு ஒரு பேரு வெச்சாப் போதும். அமுக்குனா என்ன நடக்கணும்ங்கிறதை வேற ஒரு எடத்துல, மொத்தமா எழுதி வெச்சுக்கலாம். வெளிய இருந்து யாரும் பாக்க முடியாது, உள்ள இருக்கற நாம ஒரே பார்வையில பாத்துக்கலாம்."

எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. அந்தந்த வீட்டுச் சமாச்சாரம் அந்தந்த வீட்டுல இருக்கறதுதானம்மா முறை, எல்லாத்தையும் ஒரே எடத்துல கொண்டாந்து கொட்டுனா என்னத்துக்காகும்னேன். அதுக்கு அவங்க, இப்ப யாரு வீட்டுல என்ன பூட்டு இருக்குன்னு அந்த வீட்டுக்காரங்களுக்கே தெரியாதேண்ணான்னாங்க. பாருங்க, பேச்சு எப்படின்னு.

அன்னைக்கே மொதலாளிகிட்டப் போயி ரெண்டு வெசயத்துக்கு அனுமதி வாங்கிட்டாங்க. ஒண்ணு, ஒண்ணாம் நம்பர்ல இருந்து வரிசையா உருவி முடிக்கற வரைக்கும் பழைய பக்கத்துல ஒருத்தரும் கை வெக்கக் கூடாது, நானும் உட்பட. பாஸ்வேர்டை மாத்திட்டாங்க. இன்னொண்ணு, நிபந்தனை இருக்கற ஒவ்வொரு வீட்டுக்கும் போன் பண்ணிக் கேக்கோணும், உங்க பக்கத்துல இப்படி ஒண்ணு இருக்குது, இன்னும் இருக்கட்டுங்களா எடுத்தரலாங்களான்னு. பொண்ணு பக்கம்னா பொண்ணுகிட்ட, பையன் பக்கம்னா பையன்கிட்ட, அதுல இருக்கற நம்பருக்குத்தான் கூப்புடோணும்.

இருங்க, மறுக்கா ஒருக்கா போட்டுப் பாக்கறேன். ...ஒரே ரிங்குதான். சரி விடுங்க.

உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன. எங்க சுகந்தியோட பக்கமும் அதுல இருந்துச்சு. ஆயிரத்து நூத்து நாப்பத்தேழு. அவங்கம்மா உசுரோட இருக்கறப்பவே போட்டது. அம்மா போனவொடனே, வீட்டுல இந்த நெலமையில எவனாவது அமுக்கிட்டு வந்து நின்னா என்ன பண்றதுன்னு, ஒரு வருசத்துக்கு மட்டும் இருக்கட்டும்னு அந்தப் பட்டனுக்குள்ள ஒரு வரி எழுதுனேன். யாரு அமுக்குனாலும் 'நன்றி, உங்கள் விருப்பம் தெரிவிக்கப்பட்டது'ன்னு காட்டீரும். ஆனா ஒருத்தருக்கும் போகாது. அமுக்குனவங்களுக்கு மனசு நோவக் கூடாது பாருங்க, அதுக்குத்தான் நன்றின்னு போட்டேன்.

அப்பறம் அதை மறந்துட்டேனுங்க. சத்தியமா. மூவாயிரம் பக்கத்துல ஒரு பக்கம், ஞாபகம் இருக்குங்களா? நடுவுல ஒருக்கா 'நன்றி'க்கு அப்பறம் கொஞ்சம் எடம் விட்டுப்போயிருந்துச்சு, அதை மட்டும் சரிபண்ணுனேன். ரெண்டு வருசத்துக்கு முந்தி மெசேஜ் கம்பெனி மாறுனப்ப எல்லாப் பக்கத்தையும் திருத்த வேண்டியதாப் போச்சு, அப்ப இதையும் திருத்தி, போகாத மாதிரியே வெச்சேன். மத்தபடி அந்தப் பக்கம் நான் எட்டிப் பாத்ததே இல்ல. வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம யாரு யாரு அமுக்குனாங்கன்னு ஒரு பட்டியல் வரும், அதைப் பாக்கறதோட சரி.

அவளுக்கு நான் ஒரு கொறையும் வெக்கலீங்க. வெள்ளிக்கெழம பொழுதோட வேலையில இருந்து வந்து செருப்பைக் கழட்டறப்பவே கேப்பா, ஏதாச்சும் வந்துச்சாப்பான்னு. இல்ல கண்ணு, நேரம் கூடி வரோணுமல்லன்னு சொல்லுவேன். செவ்வாய்தோசமா இருக்குமோன்னு ஜோசியரைப் பாத்தோம். திருமணஞ்சேரிக்குக் கூட்டிட்டுப் போனேன், மாலை மாத்திக்கிட்டு வந்தா. ஒம்பது வெள்ளிக்கெழம எலுமிச்சம்பழத்துல வெளக்கு போட்டா. நானும் கூடவே நின்னு கும்பிட்டேன். பொய்யாக் கும்பிடலீங்க தம்பி, நெசமாத்தான் கும்பிட்டேன், இந்தப் புள்ளைக்கு ஒரு நல்ல எடம் அமையோணும்னு.

அம்மா இல்லாத வீடு. தெனம் வெடியால என்ற வெரலைப் புடிச்சு ஊசி குத்திச் சர்க்கரை பாப்பா. இன்னைக்கு எவ்வளவுன்னு நாள்காட்டியில குறிச்சு வெப்பா. களி கிண்டறதுன்னா அவங்கம்மா கைப்பக்குவம் அப்படியே. அவளுக்கும் வீட்டுல இருக்கறதுல சந்தோசந்தானுங்க. நான் கேட்டதில்ல, ஆனா மொகத்தப் பாத்தா தெரியுமல்ல.

சரி, ஜெசிந்தாவுக்கு வர்றேன். எனக்கு எதுத்த மேசை. ஒண்ணு, ரெண்டுன்னு உருவிக்கிட்டே வர்றாங்க. ஒரு நாளைக்கு நாப்பது பக்கம், அம்பது பக்கம். உருவுன நிபந்தனையெல்லாம் ஒரு பெரிய பட்டியலா அவங்க ஸ்கிரீன்ல ஏறிக்கிட்டே இருக்குது. நம்பரு, வீடு, நிபந்தனை, எழுதுன தேதி. ஒவ்வொண்ணுக்கும் போன். அந்தியூர்ப் பெரியப்பா தவறி எட்டு வருசமாச்சாம். அவரு நம்பருக்குப் போயிப் போயி எத்தனை விருப்பம் யாருக்கும் தெரியாமயே நின்னுருக்குது, அந்தப் பொண்ணு போன்ல அழுதுதாம். நான் என்னங்க பண்ணுவேன்? பெரியப்பா செத்துட்டாருன்னு என்ற பட்டனுக்கு எப்படித் தெரியும்?

நூறு, எரநூறு, ஐநூறு. பாஸ்வேர்டு எங்கிட்ட இல்ல. அந்த ஒரு வரியை எடுக்கறதுக்கு அஞ்சு நிமிசம் போதும், ஆனா தொட முடியாது. நான் கட்டுன வீட்டுல நானே நொழைய முடியலீங்க. ஜெசிந்தா, நீங்க முன்னால இருந்து வாங்க, நான் பின்னால இருந்து வர்றேன், வேலை சீக்கிரம் முடியும்னு கேட்டுப் பாத்தேன். வேண்டாண்ணா, ரெண்டு கை பட்டா குழம்பிரும்னுட்டாங்க. ஆயிரத்துல இருந்து ஆயிரத்து எரநூறு வரைக்கும் நான் பாத்து வெச்ச வீடுங்க, அதை மட்டும் குடுங்கன்னேன். எதுக்குண்ணா அதை மட்டும்னு கேட்டாங்க.

புள்ளைகிட்டச் சொல்லியிருக்கலாமேன்னு நீங்க பாக்கறீங்க. சொல்லியிருக்கலாம். மூணு வாரம் நேரமிருந்துச்சு. தெனம் பொழுதோட அவளைப் பாக்கறப்ப இன்னைக்குச் சொல்லீரலாம்னு வாய் வரைக்கும் வரும். அவ சர்க்கரை மாத்திரையை எடுத்துக் கையில வெப்பா. முழுங்கீருவேன், ரெண்டையும்.

பங்குனியில ஒரு புதன்கெழம, இன்னைக்கு ஆயிரத்து நூறு தாண்டீரும்னு தெரிஞ்சுபோச்சு. சுகந்தி பக்கத்துல அவ நம்பர்தான் இருக்குது. ஆபீஸ்காரங்க நம்பரை யாரு பக்கத்துலயும் போடக் கூடாதுன்னு மொதலாளி உத்தரவு, அதனால நான் என்றதைப் போடல. என்ன பண்ணுனேன்னா, கண்ணு, என்ற போன் வேலை செய்யல, இன்னைக்கு ஒரு நாளைக்கு உன் போனைக் குடுன்னு வாங்கிட்டு வந்துட்டேன். அதுவும் அப்பாவுக்குத்தானேன்னு குடுத்துட்டுப் போச்சு. சட்டைப் பையில போட்டுக்கிட்டேன். ஜெசிந்தா கூப்புடட்டும், ஒருத்தரும் எடுக்கலைன்னு தாண்டிப் போயிருவாங்கன்னு நெனைச்சேன்.

அந்தப் போனைச் சைலண்ட்ல போடோணும்னு எனக்குத் தோணல பாருங்க. இருபத்திரெண்டு வருசம் கம்ப்யூட்டர்ல குப்பை கொட்டுனவனுக்குத் தோணல.

மத்தியானம் சாப்பிட்டு வந்து உக்காந்தோம். ஜெசிந்தா ஒரு நம்பரைப் போட்டுக் காதுல வெச்சாங்க. என்ற சட்டைப் பையில மணி அடிக்குது. புல்லாங்குழல் சத்தம் ஒண்ணு வெச்சிருக்கும் அந்தப் புள்ள. ஆபீஸே திரும்பிப் பாக்குது. ஜெசிந்தா ஸ்கிரீனைப் பாத்தாங்க, என்ற பையைப் பாத்தாங்க. சத்தம் நின்னபாடில்ல.

"எடுங்கண்ணா"ன்னாங்க.

எடுத்தேன். மூணு முழம் தள்ளி உக்காந்துக்கிட்டு, அவங்க போன்லயே பேசறாங்க, எல்லாருகிட்டயும் பேசற அதே மாதிரி. "வணக்கங்க, தகவல் மையத்துல இருந்து பேசறோம். ஆயிரத்து நூத்து நாப்பத்தேழாம் பக்கத்துல, வர்ற விருப்பம் எதையுமே அனுப்ப வேண்டாம்னு ஆறு வருசத்துக்கு முன்னால எழுதியிருக்கு. அது இன்னும் அப்படியே இருக்கட்டுங்களா?"

ஒரு காதுல போன்ல கேக்குது, இன்னொரு காதுல நேர்ல கேக்குது. ரெண்டு நாளு கழிச்சுச் சொல்றேங்கன்னேன். ஜெசிந்தா போனைக் கீழ வெச்சுட்டு ரொம்ப மெதுவாச் சொன்னாங்க. "இது உங்ககிட்டக் கேக்க வேண்டிய கேள்வி இல்லண்ணா. சம்பந்தப்பட்டவங்க எடுக்கலைன்னா நாளைக்கு மறுபடி கூப்பிடணும். அதான் நாம வெச்சிருக்கற முறை." அவ்வளவுதான். ஆயிரத்து நூத்து நாப்பத்தெட்டுக்குப் போயிட்டாங்க. எனக்காக ஒரு நாள் விட்டுக் குடுத்தாங்கன்னு இப்பத் தோணுது. அன்னைக்குத் தோணல, கொலைகாரின்னுதான் தோணுச்சு.

அன்னைக்குப் பொழுதோட போனைக் குடுத்தேன். என்னப்பா, உங்க போன் சரியாயிருச்சான்னு கேட்டா. ஆயிருச்சு கண்ணுன்னேன். களி கிண்டியிருந்தா, கீரை கடைஞ்சிருந்தா. சாப்பிட்டேன். அப்பவும் சொல்லலீங்க. என்னத்தைச் சொல்றது.

அடுத்த நாள் ஜெசிந்தா போன் வந்ததும் அவ வேலையில இருந்து ஆபீசுக்கே வந்து ஜெசிந்தாவைப் பாத்துட்டுப் போயிருக்கறா. நான் வங்கிக்குப் போயிருந்தேன், எனக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்தா வாசல்ல வெளக்கு போடல. அவளுக்கு அமுக்குனவங்க பட்டியலைக் கையில வெச்சுக்கிட்டு உக்காந்திருக்குது. என்னையப் பாத்ததும் எந்திரிச்சு வந்து, மொதல்ல வெரலைப் புடிச்சு ஊசி குத்திச் சர்க்கரை பாத்தா. எரநூத்தம்பதுப்பான்னா. நாள்காட்டியில குறிச்சா. அப்பறம் உக்காந்தா.

"அறுபத்தொரு பேருப்பா. நான் வெளக்கைத்தான் எண்ணிட்டு இருந்தேன்."

கண்ணு, அம்மா போனப்ப ஒரு வருசத்துக்குன்னுதான் போட்டேன், மறந்துபோச்சுன்னேன். அவ சத்தம் போடல. சத்தம் போட்டிருந்தா எனக்குக் கொஞ்சம் ஆறுதலா இருந்திருக்கும். கொடுமுடியில இருந்து ஒருத்தரு மூணு தடவை அமுக்கியிருக்காருப்பா, ஒவ்வொரு தடவையும் நன்றின்னு வந்திருக்கு, நான்தான் பதில் போடலைன்னு நெனைச்சிருக்காரு, இன்னைக்கு நான் அவருக்குப் போன் பண்ணுனேன்னா.

"ரொம்ப நல்லாப் பேசுனாருப்பா. ரெண்டு கொழந்தைங்களாம்."

அதுக்கப்பறம் அவ எங்கிட்டப் பேசுனது கணக்கா மாத்திரை பத்தித்தான். சித்திரை பொறந்து பத்தாம் நாள், ஓசூர்ல வேலை கெடைச்சிருக்குன்னு கெளம்பிட்டா. ஒரு மாசத்து மாத்திரையை முப்பது சின்னப் பொட்டலமாக் கட்டி, ஒவ்வொண்ணுலயும் தேதி எழுதி வெச்சுட்டுப் போனா. முப்பதும் முடிஞ்சுபோச்சுங்க. முடிஞ்சு ஒம்பது நாளாச்சு. அடுத்த மாசத்துது வரும்னு பாத்தேன். வரல.

அதான் நானே கெளம்பிட்டேன். சண்டை போடப் போகலீங்க. இப்ப அந்தப் பட்டனுக்குள்ள ஒண்ணுமே இல்ல, வெறும் பேருதான் இருக்குதுன்னு நேர்ல சொல்லோணும். ஜெசிந்தாவே எடுத்துட்டாங்க. எம்பக்கம் இனி ஒரு தடையும் இல்ல. அதோட ஈரோட்டுலயே எங்க வீட்டுக்கு ரெண்டாவது தெருவுல ஒரு லேப்ல பேசி வெச்சிருக்கறேன், சம்பளமும் பரவாயில்ல, மத்தியானம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுட்டுப் போலாம். அவ பேருல சரின்னும் சொல்லிட்டு வந்துட்டேன். வரன் வர்றப்ப வரட்டும், புள்ள வீட்டோட இருந்தா நல்லதுதானே. நீங்க என்ன தம்பி ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறீங்க?

சரி, உங்க போனைச் சித்த குடுக்கறீங்களா? என்றதுல டவரு எடுக்க மாட்டேங்குது. வர்றேன்னு ஒரு வார்த்தை சொல்லீட்டாப் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து நிக்கும். நம்பரு எனக்கு மனப்பாடம்.

...போகுதுங்க. ரிங்கு போகுது. ரெண்டு. மூணு. உங்குளுது நல்லா எடுக்குதுங்களே. அஞ்சு.

...எடுத்துட்டா. 'ஹலோ, யாருங்க?'ன்னா. எங்க சுகந்தி கொரலுதான். பின்னால யாரோ சிரிக்கறாங்க, அவளும் சிரிச்சுக்கிட்டேதான் ஹலோன்னா. ஒரு மாசமாச்சு அந்தக் கொரலைக் கேட்டு. நான்னு சொல்லாமயே கட் பண்ணீட்டேன்.

உங்க சிம்மு எந்தக் கம்பெனிங்க?

அதேதானுங்களா. என்றதும் அதேதான்.

...

அப்ப டவரு கோளாறு இல்லீங்க, தம்பி. ஈரோட்டுல ஒரு ரிங்கு, சேலத்துல ஒரு ரிங்கு, இங்கயும் ஒரு ரிங்கு. இன்னார் நம்பர் வந்தா இப்படிப் பண்ணுன்னு எழுதி வெச்சுட்டுப் போயிருக்குது என்ற புள்ள. மத்தவங்களுக்கெல்லாம் போகுது. எனக்கு மட்டும் போகாது. நான்தான் அங்கயும் இங்கயும் தூக்கிப் புடிச்சுக்கிட்டு டவரைத் தேடிட்டிருக்கறேன்.

பஸ்ஸு ஸ்டார்ட் பண்ணீட்டான் போல. பாருங்க, லாரியைத் தூக்கீட்டாங்க. இங்க எறங்குனாலும் காடு, வேற வழியுமில்ல. ஓசூர் போய்த்தான் ஆகோணும்.

ஏனுங்க, உங்க போன் அடிக்குது. அவதான். யாருடா கூப்பிட்டதுன்னு திருப்பிக் கூப்புடறா. இருங்க, எங்கிட்டக் குடுக்காதீங்க. நான்னு தெரிஞ்சுதுன்னா இந்த நம்பரையும் அடைச்சுப்போடுவா, நான் போயிச் சேர்றதுக்குள்ள எங்காவது கெளம்பீருவா. நீங்களே எடுங்க தம்பி. கை தவறிப் போட்டுட்டேன், நன்றிங்கன்னு சொல்லி வெச்சிருங்க. மரியாதையாச் சொல்லுங்க. கூப்பிட்டவங்களுக்கு மனசு நோவக் கூடாது.